நாலு விரல் அகல எலாஸ்டிக்

...தெரியாது, மேலே தொளதொளவென்று டீ-ஷர்ட் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது, அந்தப் பிசியோ தேவிப்பிரியா பிள்ளை முதுகில் கை வைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது, வைத்துப் பார்ப்பாளோ, பார்த்தால்தான் என்ன, பெற்றவள் கட்டிவிட்ட பெல்ட், திருடிக்கொண்டு வந்ததா என்ன... ஒச்சாயி பிளாஸ்டிக் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து டிபன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, கம்பெனி லீவில் ஊரே கறிக்கடை வாசலில் நிற்கிற நேரம், இவள் மட்டும் மாடியேறி வந்து இந்த இரும்புச் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், ஜிம்மாம், கீழே இருக்கிற எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு ஞாயிறும் கிடையாது கிழமையும் கிடையாது போல, அது தடதடவென்று ஓடுகிற ஓட்டம் தரை வழியாக, ஸ்டூல் கால் வழியாக, இவள் இடுப்பு வரைக்கும் ஏறுகிறது, தரையே இப்படி ஆடினால் அதன் மேல் நின்று பிள்ளை எப்படித் தூக்கும்? வேல்விழி இப்போதுதான் பாத்ரூமிலிருந்து வந்தாள், துண்டு எடுக்கணும் என்று பையையும் வாங்கிக்கொண்டு போனவள் அதை இவள் மடியில் போட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடிவிட்டாள், ஓடாதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள். பதினான்கு வயசு, ஐந்தடி ஏழங்குலம், கையும் காலும் தான் யாருடையவை என்று இன்னும் முடிவு பண்ணாத உடம்பு. அவள் காலடியில் கம்பி கிடக்கிறது. "பத்துக் கிலோங்க்கா, வெறும் கம்பி மட்டுந்தானுங்க, பயப்படாதீங்க" என்று தேவிப்பிரியா இங்கே பார்த்துச் சிரிக்கிறாள். பத்துக் கிலோ என்றால் வெறுமையா? பத்துக் கிலோ அரிசியைக் கடையிலிருந்து தூக்கி வந்தால் அன்றைக்குப் பூராவும் முதுகு பேசுகிறதே, அது என்ன கணக்கு?

ஒரு வருஷத்தில் ஐந்து அங்குலம், ஐந்து அங்குலம் யாராவது வளர்வார்களா, யூனிபார்ம் பேண்ட்டின் மடிப்பை ஒரு தடவை பிரித்துவிட்டாள், இன்னொரு தடவை பிரித்தாள், அப்புறம் பிரிப்பதற்கு மடிப்பே இல்லை, அக்கம்பக்கத்துக் கண்ணெல்லாம் பிள்ளை மேலேயே இருந்தது, உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், அதற்கும் அடங்காமல் வளர்ந்தது. பி.டி. சார் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கே வந்து, "பேருலயே வேலு இருக்குதுங்க, கையில ஈட்டியக் குடுத்துப் பாக்கலாமுங்களா" என்று கேட்டபோது இவளும் பல்லைக் காட்டிக்கொண்டுதானே தலையாட்டினாள், அன்றைக்கு எங்கே போயிற்று இந்தப் பயம்? மாவட்டத்தில் முதலாவது வந்தது, அடுத்த வருஷம் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், படிப்பும் சாப்பாடும் அங்கேயே என்றார்கள், பிள்ளை தூக்கத்தில்கூட ஓடி வந்து எறிகிற மாதிரி காலை உதைத்தது... அப்புறம் ஒரு காலை, செருப்பு மாட்டக் குனிந்த பிள்ளை நிமிரவில்லை. அப்படியே நின்றது. ம்மா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டது, அந்த ம்மா ஒச்சாயிக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. டாக்டர் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னார், வளர்ற வயசும்மா, எலும்பு முந்திக்கிச்சு, சதை பிந்திக்கிச்சு, அதுக்கு மேல இவ வில்லா வளைஞ்சு வளைஞ்சு எறிஞ்சிருக்கா, எலும்புல மயிரிழை அளவு விட்டிருக்கு, மூணு மாசம் எறியாம இருந்தா தானாக் கூடிரும். தானாகவா? பதினோரு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்கிறவளிடம் வந்து தானாகக் கூடும் என்றால்... ஒரு கண்ணி அறுந்த துணி தானாகக் கூடி இவள் பார்த்ததில்லை, இழுத்தால் ஓடும், ஓடி ஓட்டையாகும், அதனால்தான் கண்ட இடத்திலேயே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அந்தப் பீஸைத் தள்ளி வைப்பது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கூடிவிட்டது என்றார்கள். இவள் அந்தப் பிலிமை வீட்டு டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, துணியைப் பார்க்கிற மாதிரியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள், கூடினதும் தெரியவில்லை, கூடாததும் தெரியவில்லை. டாக்டர் மூன்று மாதம் என்றதை இவள் ஆறு மாதம் ஆக்கினாள், போதாக்குறைக்குப் பெல்ட்.

பெல்ட் டாக்டர் சொன்னதில்லை, இவளாக யோசித்தது. உள்ளாடை இடுப்புக்கு வைக்கிற நாலு விரல் அகல எலாஸ்டிக், ரோல் முடிகிற இடத்தில் மிஞ்சுகிற துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த மெஷினில் உட்கார்ந்து, இரண்டு பட்டையைச் சேர்த்து அடித்து, முனையில் ஒட்டுற டேப்பு வைத்து, ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தனக்கு. தனக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்ட் நின்றால் யாருக்குத்தான் இடுப்பு இருக்கிறது, ஆனால் சொன்னால் போச்சு, ஒச்சக்காவுக்கு முடியல, லைட்டான வேலை குடுங்க என்று ஆரம்பித்து, அப்புறம் வேலையே லைட்டாகிவிடும்... "முதுகு புடிச்சுக்கிச்சுங்களாக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டால், இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்று சட்டென்று சொல்லிவிடுவாள், சுடிதாருக்கு உள்ளே எலாஸ்டிக் கடித்துக்கொண்டிருக்கும். அந்த எலாஸ்டிக்கும் எத்தனை நாளைக்கு, உடம்பு வேர்வையும் இழுவையும் சேர்ந்து இரண்டு மாதத்தில் தொய்ந்துவிடும், இப்போது கட்டியிருப்பது மூன்றாவது. பிள்ளையுடையதையும் மாற்றித் தைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள், "எனக்கு நல்லாத்தான் புடிக்குதும்மா, இதே போதும்." எதையும் பதனமாக வைத்துக்கொள்கிற பிள்ளை. தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது இவளே கட்டிவிடுவாள், கையை மேலே தூக்கிக்கொண்டு பொம்மை மாதிரி நிற்கும், வலிக்குதாத்தா, இல்லம்மா, இறுக்கமா இருக்காத்தா, இல்லம்மா. இந்தத் தேவிப்பிரியாவிடம் முதல் நாள் வந்தபோது அவள் எடுத்த எடுப்பில் கேட்டாள், "பெல்ட் ஏதாச்சும் போட்டு உடறீங்களாங்க்கா? இருந்தாக் கழட்டிருங்க. பெல்ட்ட நம்பி உள்ள இருக்குற சதை தூங்கிக்குமுங்க. உள்ள இருக்குறதத்தான் பலமாக்கோணும்." இல்லீங்க டாக்டரம்மா என்று ஒச்சாயி தன் வயிற்றை எக்கிக்கொண்டாள். நான் டாக்டர் இல்லீங்க்கா, பிசியோ என்று அது சிரித்தது. இருக்கட்டும், இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்குமா, இன்னும் கல்யாணம்கூட ஆகாத பொண்ணு, அதற்குச் சதை எப்போது தூங்கும் எப்போது விழிக்கும் என்று தெரியும், பிள்ளை நிமிராமல் நின்ற அந்தக் காலை நேரம் தெரியுமா?

லோடு, லோடு என்கிறாளே, அதைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. "லோடு கொஞ்சங் கொஞ்சமா ஏத்தோணுங்க்கா, ஏத்துனாத்தான் எலும்பு கெட்டியாகுமுங்க." லோடு ஏற்றுவது என்றால் என்ன என்று ஒச்சாயிக்குச் சொல்ல வேண்டுமா? புருஷன் ஜெயபாண்டி காதர்பேட்டைப் பனியன் மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றியவன். ஊரில் பிழைப்பில்லை என்று உசிலம்பட்டியில் பஸ் ஏறி வந்து இறங்கிய மறுநாளே முதுகில் பண்டலை வாங்கியவன், நல்ல திடகாத்திரமான உடம்பு, பனியன் பண்டலைப் பஞ்சு மூட்டை மாதிரி தூக்கிப் போடுவான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் முதுகில் ஒரு பண்டலோடு பலகையில் நின்றுகொண்டு, லேசாத்தான் இருக்கு, மேல இன்னொண்ண வையி என்றானாம். அதுதான் அவன் நேராக நின்று சொன்ன கடைசி வார்த்தை. எட்டு மாதம் பாயில் கிடந்தான், ஒச்சாயி அள்ளிப் போட்டாள், துடைத்துவிட்டாள், திருப்பிப் படுக்க வைத்தாள், அப்போது வேல்விழிக்கு ஏழு வயசு, அந்த ஒற்றை அறையில் பாயின் மறுபக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். இப்போது அவன் ஒரு கம்பெனி கேட்டில் நாற்காலி போட்டு வாட்ச்மேன், எழுந்து சல்யூட் அடிக்கச் சொல்லாத முதலாளி கிடைத்தது சாமி புண்ணியம். சரி, பட்டவனாயிற்றே, நம் பக்கம் நிற்பான் என்று காலையில் கேட்டால் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான், "தூக்கட்டும் விடு. எனக்கு எவனும் தூக்கச் சொல்லிக் குடுக்கல, முதுகுல வச்சான், போனேன். அதுக்காச்சும் ஒருத்தி சொல்லிக் குடுக்குறால்ல." இவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொல்லிக் கொடுத்தால் எலும்பு உடையாதா? எலும்பு வாத்தியார் பேச்சைக் கேட்குமா? இன்னொரு பாய்... அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒச்சாயி நெஞ்சுக்குள் துப்பித் துப்பி விரட்டுவாள், அப்படியும் வரும், அதே சுவரோரம், அதே மூலையில், இந்தத் தடவை நீளமான காலோடு.

குனிந்துவிட்டது. யாத்தே, குனிந்துவிட்டது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி... "ரெண்டு கையிலயும் சோத்துத் தட்டு இருக்குது, பொறத்தால இருக்குற கதவ எதுல சாத்துவீங்க கண்ணு? ஆ, அப்படித்தானுங்க, அப்படியே தள்ளுங்க" என்று தேவிப்பிரியா சொல்லப் பிள்ளை சிரிக்கிறது, சிரிக்காதே, மூச்சைப் பிடி, இல்லை மூச்சைப் பிடிக்கக் கூடாதோ, சரிங்க்கா சரிங்க்கா என்று வாய்க்கு வாய் இந்த ஊர்ப் பேச்சு வேறு, வீட்டில் ஒரு பாஷை இங்கே ஒரு பாஷை, எப்போது பழகிற்று இதையெல்லாம்? கம்பி தரையை விட்டுக் கிளம்பியது. ஒச்சாயியின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கிக்கொண்டது. முழங்கால் தாண்டி, தொடை வரை வந்து, பிள்ளை நிமிர்ந்து நின்றது... நிமிர்ந்துவிட்டது. ஒண்ணு. மறுபடி கீழே. அப்போது பார்த்துத்தான் தேவிப்பிரியா குனிந்து பிள்ளையின் இடுப்புக்கு மேலே, சரியாக அந்த இடத்தில், உள்ளங்கையை அகலமாக வைத்தாள். மாட்டிக்கொண்டோம். இப்போது டீ-ஷர்ட்டைத் தூக்குவாள், என்னங்க்கா இது என்பாள், பிள்ளைக்கு முன்னால் மானம் போகும், நீங்க பொய் சொல்றீங்க, இனி வராதீங்க என்று அனுப்பிவிடுவாள், அனுப்பினால் நல்லதுதான், இல்லை நல்லதில்லை, அடுத்த மாதம் விடுதிக்குத் தேர்வு, பிள்ளை சோறு தின்னாது... தேவிப்பிரியா டீ-ஷர்ட்டைத் தூக்கவில்லை. "இங்க இறுக்குங்க, ஆ, சூப்பருங்க கண்ணு" என்று கையை எடுத்துவிட்டாள். ஒச்சாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, வந்ததோடு நில்லாமல் கொஞ்சம் பெருமையும் வந்தது, கை வைத்துப் பார்த்தும் தெரியவில்லை என்றால் எவ்வளவு நைசாகத் தைத்திருக்க வேண்டும், பதினோரு வருஷம் சும்மா நிற்கவில்லை. அஞ்சு. ஆறு. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் பிள்ளை எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பி இவள் முகத்தைப் பார்க்கிறது. ஏன் என்னையே பார்க்கிறது? நேராகப் பார், கம்பியைப் பார். ஏழு. எட்டு.

இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிலோவில் வட்டு மாட்டினார்கள். அந்த மூலையில் மூன்று வடக்கத்திப் பையன்கள் போனில் பாட்டை வைத்துவிட்டு டொங்கென்று எதையோ கீழே போட்டார்கள், ஒச்சாயி ஸ்டூலிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தாள். தேவிப்பிரியா பக்கத்தில் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், "இருவது ஆகுதுங்க்கா. புள்ளை ரெடிங்க. ஆனா நீங்க சரின்னாத்தானுங்க. வேண்டாம்னா இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமுங்க, ஒண்ணும் தப்பில்லைங்க." எல்லோரும் இவளையே பார்த்த மாதிரி இருந்தது, அந்தப் பையன்கள்கூட. வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் நிற்கிறது, சொன்னால் இப்போதே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், வழியில் கால் கிலோ கறி எடுக்கலாம், பிள்ளை பத்திரமாக, நேராக, எறியாமல், எதையும் தூக்காமல் ஒரு மூலையில்... எந்த மூலையில்? வேல்விழி அங்கேயிருந்து, "லேசாத்தான் இருக்கும்மா" என்றாள். அப்பனின் வார்த்தை, அட்சரம் பிசகாமல், இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள், பாயின் மறுபக்கம் உட்கார்ந்து காதில் வாங்கி வைத்திருக்கிறதா? வேண்டாம். நிறுத்து. நிறுத்தச் சொல்லு. ஆனால் பெல்ட் இருக்கிறதே... அவனுக்கு என்ன இருந்தது, ஒரு அழுக்குத் துண்டு, பிள்ளைக்கு இரண்டு சுற்று எலாஸ்டிக் இருக்கிறது, என் கையால் தைத்தது, என் கையால் கட்டியது, அது பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நம்பிக்கையில்தான், அதை மட்டும் நம்பித்தான், ஒச்சாயி தலையை ஆட்டினாள். அப்புறம் எட்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள், வட்டு தரையில் தட்டுகிற சத்தத்தை வைத்து, நடுவில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் கொஞ்சம் தாமதமானபோது முருகா முருகா முருகா என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. கண்ணைத் திறந்தபோது பிள்ளை நின்றுகொண்டிருந்தது, கன்னமெல்லாம் சிவந்து, பல் தெரிய.

"தண்ணி எடும்மா" என்று அங்கேயிருந்தே கத்தினாள். ஒச்சாயி பைக்குள் கையை விட்டாள். டிபன், துண்டு, துண்டுக்குள் என்னவோ சுருட்டி... விரல் தொட்டதுமே தெரிந்துவிட்டது, பதினோரு வருஷ விரல், பார்க்கவே வேண்டாம். நாலு விரல் அகலம், இரண்டு பட்டை. ஒரு கணம் இது தன்னுடையது என்றுதான் நினைத்தாள், கழன்று விழுந்துவிட்டதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், இவளுடையது இடுப்பில்தான் இருந்தது. அப்படியானால்... பாத்ரூம். பையோடு போனது. அப்படியானால் இருபது கிலோவையும் வெறும் முதுகோடு... நடந்து முடிந்துவிட்டது, பிள்ளை அதோ நிற்கிறது, சிரிக்கிறது, ஆனாலும் முடிந்துபோனதற்கு இப்போது பயப்பட்டாள், கம்பி இப்போதுதான் கிளம்புகிற மாதிரி. பைக்குள்ளேயே, யாரும் பார்க்காமல், பழக்கதோஷத்தில் எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்து விட்டாள். சுரீரென்று திரும்பி விரலில் அடித்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி அடித்தது. ரோலிலிருந்து இன்றைக்குத்தான் வெட்டின மாதிரி. ஆறு மாதம், தினம் பத்து மணி நேரம் ஒரு வளர்கிற பிள்ளையின் இடுப்பில் கிடந்த எலாஸ்டிக்கா இது? வேர்வை வாடைகூட இல்லை. எதையும் பதனமாக வைத்துக்கொள்கிற பிள்ளை... எந்த இடத்தில் கழட்டியிருக்கும், தெரு முனையிலா, பள்ளிக்கூடத்து பாத்ரூமிலா, சாயங்காலம் இவள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் மறுபடி ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும், கையை மேலே தூக்கிக்கொண்டு. ஆறு மாதமும் அந்த எலும்பு சும்மாவே இருந்திருக்கிறது, சும்மாவே இருந்து கூடியிருக்கிறது. திட்டுவதா? சந்தோஷப்படுவதா? பாட்டிலை எடுத்துக்கொண்டு பெல்ட்டை டிபனுக்கு அடியில் தள்ளினாள்.

வேல்விழி வந்து பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தாள், தொண்டை ஏறி இறங்கியது. கேட்கக் கூடாது என்றுதான் ஒச்சாயி இருந்தாள், வாய் கேட்டுவிட்டது. "பெல்ட்டு உறுத்தலயாத்தா?" பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லம்மா. நல்லாத்தான் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு." கண் இமைக்காமல், குரல் பிசகாமல், அவ்வளவு அன்பாக. ஒச்சாயிக்கு மேலெல்லாம் சில்லிட்டது. பெல்ட்டுக்காக இல்லை. இந்தக் குரலை இவள் தினம் கேட்டிருக்கிறாள். வலிக்குதாத்தா? இல்லம்மா. ராத்திரி தூங்குனியாத்தா? தூங்குனேம்மா. இதே குரல், இதே வேகம், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியானால் அந்த இல்லம்மாக்களில் எது இல்லம்மா? பெல்ட்டை இப்படி மறைக்கத் தெரிந்த பிள்ளைக்கு வலியை மறைக்கத் தெரியாதா? இப்போது, இந்த நிமிஷம், அங்கே ஏதாவது சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தால் இந்த முகத்தில் அது எங்கே தெரியும்? எட்டு தடவையும் கண்ணாடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்ததே... என்ன பார்த்தது? ஒரு அறுந்த கண்ணியை முழு மேசைத் துணியில் கண்டுபிடிக்கிறவள், பெற்ற பிள்ளையின் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் இருவத்தஞ்சுங்க கண்ணு, வலி ஏதாச்சும் இருந்தா மறைக்காம எனக்குச் சொல்லோணும், சரிங்களா" என்று தேவிப்பிரியா அங்கேயிருந்து சொன்னாள். சரிங்க்கா என்றது பிள்ளை.

படி செங்குத்து. கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் பாதிப் படி வரை அடுக்கி வைத்திருந்தார்கள். வேல்விழி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள், இவள் பின்னால் பையோடு, பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டு, நேராகத்தான் இருக்கிறது, நேராக இருந்தால் வலி இல்லை என்று அர்த்தமா... நாலாவது படியில் ஒச்சாயிக்கு இடுப்பில் கத்தி சொருகின மாதிரி ஒன்று இழுத்தது. இத்தனை நேரம் ஸ்டூல் நுனியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பழைய எலாஸ்டிக் வேறு தொய்ந்து கீழே இறங்கிவிட்டது, கைப்பிடியைப் பிடித்து நின்றாள். கீழே போன பிள்ளை திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, இடுப்பு வலிக்குதா?"

"இல்லத்தா, வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் ஒச்சாயி, யோசிக்காமல், மூச்சு விடுவதற்குள், சிரித்துக்கொண்டேகூட. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே குரல், அதே வேகம். எம்ப்ராய்டரி மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. வேல்விழி கடைசிப் படியில் நின்று அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பினாளா நம்பவில்லையா என்று தெரியவில்லை.